தட்டாத கதவு

கழிப்பறைக் கதவுக்கு முன்னால் பட்டாணி காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய் அதிக நேரம் ஆகவில்லை. முதுகில் மாட்டிய பையை இன்னும் கழற்றவில்லை. பைக்குள் என்ன இருக்கிறது என்று அவள் அப்பாவுக்குத் தெரியும். ஒரு மாற்று உடுப்பு, வாட்டர் கலர் பெட்டி, ஒரு காது பிய்ந்து தொங்கும் துணி முயல். ஒரு பகல் பொழுதுக்குப் போதுமான சாமான், அதற்கு மேல் இல்லை. அவன் சமையலறை வாசலில் நின்று பார்த்தான்.

“வந்தா போயேன்” என்றான்.

“வரல.” சொல்லிக்கொண்டே தொடைகளை இன்னும் இறுக்கினாள்.

சரி, அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டுப் பாலைச் சுடவைக்கப் போனான். டம்ளரோடு திரும்பி வந்தபோது அவள் காலடியில் சிறுநீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. அழவில்லை. கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு, “நான் தட்டல” என்றாள். என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. புரியாத எதையும் மறுமுறை கேட்கிற பழக்கம் சில மாதங்களாக அவனிடம் இல்லை. தரையைத் துடைத்தான். இருந்த ஒரே மாற்று உடுப்பையும் போட்டுவிட்டான். அந்தப் பை இப்போது பாதி காலி.

காலையில் பெரியம்மா, அதாவது அவன் மனைவியின் அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினாள். “தம்பி, மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேச எனக்கு வராது. ஸ்கூல் தொறக்கப் போகுது. எங்க தெருவுலயே ஒரு ஸ்கூல்ல எடம் இருக்கு. இங்க உங்ககூட இருக்கணும்னாலும் நான் வேணாம்னு சொல்லல, அவ உங்க பொண்ணு. ஆனா அவளுக்கு ஒட்டணும்ல? இன்னிக்குப் பகல் இங்க இருக்கட்டும். சாயங்காலம் வருவேன். அவளையே கேப்போம். அவ எங்க சொல்றாளோ அங்க.” அவன் “சரிக்கா” என்றான். ஆஸ்பத்திரியில் சொன்னதற்கும் சரி, ஆபீசில் விடுப்பை நீட்டித்துக்கொள்ளச் சொன்னபோதும் சரி, குழந்தை கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்று இதே அக்கா சொன்னபோதும் சரி. காய்ச்சல் என்று சொல்லித் தன் காலால் நடந்து ஆட்டோவில் ஏறிப் போன மனைவி திரும்பி வராத நாளிலிருந்து அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

“பட்டாணி, ஏன் உள்ள போகல? பயமா இருக்கா?”

“தண்ணி ஓடுது” என்றாள்.

அப்போதுதான் அவனுக்குக் காதில் விழுந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் மெல்லிய, இடைவிடாத ஒரு இரைச்சல். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு ‘உஸ்ஸ்’ என்று யாரையோ அமைதியாக இருக்கச் சொல்வதைப்போல. கதவைத் திறந்து பார்த்தான். ஃப்ளஷ் டேங்க். யாரும் அமுக்காமலே உள்ளே தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எப்போதிலிருந்து? காவலாளி ஒருமுறை படியில் மறித்து, “சார், உங்க வீட்லதான் எங்கயோ தண்ணி போகுது, மோட்டார் போட்டு மாளல” என்று சொல்லியிருக்கிறான். அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பான். தினமும் அதே அறைக்குள் போய் வருகிறான், முகம் கழுவுகிறான், குளிக்கிறான், பழக்கத்தில் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வருகிறான். அவன் காதுக்கு ஒன்றும் கேட்டதில்லை.

குழந்தைக்கு அந்தச் சத்தம் பயமாக இருக்கிறது, அதனால் உள்ளே போகமாட்டேன் என்கிறாள். அவன் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அந்த அளவுக்குப் புரிந்ததே அவனுக்குத் தெம்பாக இருந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. ஒரு வேலை, அதற்கு ஒரு முடிவு. சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். பால் டம்ளரை நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “தண்ணியாவது குடி.” அதையும் தள்ளிவிட்டாள். “குடிச்சா வரும்” என்றாள், ஏதோ அவனுக்குத் தெரியாத ரகசியத்தைச் சொல்வதுபோல.

அவன் தொழில் கட்டட வரைபடம் வரைவது. வீடுகள், அலுவலகங்கள், ஒரு முறை ஒரு பெரிய தங்கும் விடுதி. எத்தனை கழிப்பறைகளை வரைந்திருக்கிறான் என்பதற்குக் கணக்கில்லை. வரைபடத்தில் கழிப்பறை என்றால் சுவரை ஒட்டி ஒரு செவ்வகம், அதன் முன் ஒரு முட்டை வடிவம், முடிந்தது. ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டே போகலாம். அந்தச் செவ்வகத்தின் மூடியை அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இன்று திறந்தான். பீங்கான் மூடி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உள்ளே கலங்கலான தண்ணீர், வெள்ளைப் படிவு ஏறிய பிளாஸ்டிக் தண்டுகள், ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கும் ஒரு குப்பி. எது எதற்கு என்று தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, பட்டாணியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான்.

பைப் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பேனாவின் மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

“டாய்லெட் டேங்க்ல தண்ணி நிக்காம ஓடுதுங்க.”

“மிதவை” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“பாக்காமலே எப்படிச் சொல்றீங்க?”

“நாக்க நீட்டு, மூச்ச இழுன்னு பாக்க நான் என்ன டாக்டரா? வர்றவங்க எல்லாருக்கும் மிதவைதான் சார். மிதவைய மாத்துங்க, மீதிய மறந்துடுங்க.”

“மிதவைன்னா என்ன?” என்று பட்டாணி கேட்டாள். அன்று அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

கடைக்காரர் கண்ணைத் திறந்தார். அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு புதிய மிதவையை எடுத்து அவள் முன் ஆட்டிக் காட்டினார். “இந்தா, இதுதான். டேங்க்ல தண்ணி ஏற ஏற இதுவும் மேல வரும். நெறஞ்சதும், போதும்னு சொல்லும். தண்ணி நின்னுடும்.”

“யாருகிட்ட சொல்லும்?”

“தண்ணிகிட்ட.”

“தண்ணி கேக்குமா?”

கடைக்காரர் அவனைப் பார்த்தார். “வக்கீலுக்குப் படிக்க வைங்க சார். நீதிபதியே நாற்காலிய விட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு.” உள்ளே குரல் கொடுத்துக் குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நல்ல வெயில். அவள் உதடு காய்ந்து வெளுத்திருந்ததை அவன் அப்போது கவனித்தான். டம்ளர் வந்தது. பட்டாணி அதையே பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள், தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

வீட்டில் அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். திறந்து வைத்தால் டேங்குக்குக் கீழே குனிய இடம் இருக்காது. அதனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்ய முடிந்தது. இப்படி ஓர் அறையை வரைந்தது யார் என்று மனதுக்குள் திட்டினான், தானே எத்தனை முறை இப்படி வரைந்திருப்போம் என்று யோசித்தான். டேங்குக்கு வரும் குழாயின் சின்ன வால்வு துரு ஏறி இறுகிக் கிடந்தது. துணியைச் சுற்றிப் பலம் கொண்டமட்டும் திருகியதில் ஒருவழியாக அசைந்து கொடுத்தது. டேங்கைக் காலி செய்தான். அடியில் இருந்த நட்டைக் கழற்றியபோது மிச்சமிருந்த தண்ணீர் சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வரை ஓடியது. பழைய மிதவை கையோடு வந்தது. அதன் வாயில் மணல்போல ஏதோ அடைத்திருந்தது. கடைக்காரர் சொன்னது சரிதான் போல. புதியதை நிறுத்தி, நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் இன்னும் ஒரு சுற்று கொடுத்து, வால்வைத் திறந்தான். தண்ணீர் பாய்ந்து வந்தது. மிதவை ஆடி ஆடி மேலே ஏறியது. ஏறி, நின்றது. தண்ணீரும் நின்றது.

இப்படி ஒரு அமைதி அந்த வீட்டில் இருக்க முடியும் என்பதை அவன் மறந்துபோயிருந்தான். கூடத்துக் கடிகாரத்தின் ஓசை இங்கே வரை வந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நனைந்த சட்டையோடு எழுந்து நின்றபோது மார்புக்குள் எங்கோ லேசாக ஒரு பெருமை தட்டுப்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்து நெடுநாளாகியிருந்தது.

வெளியே வந்து, பழக்கத்தில் கதவை இழுத்துச் சாத்தினான். பட்டாணி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். சட்டையைக் கீழே இழுத்து நேராக விட்டிருந்தாள். நெற்றி முடியைக் கையால் ஒதுக்கியிருந்தாள். துணி முயலை முன்பக்கம் காட்டி அணைத்துப் பிடித்திருந்தாள்.

“சத்தம் நின்னுடுச்சு” என்றாள்.

“ஆமா, நின்னுடுச்சு. அப்பாதான் நிறுத்தினேன். இனிமே பயமில்ல. போ, போயிட்டு வா.”

அவள் நகரவில்லை. அவனைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள்.

“அம்மா வரட்டும்.”

அவன் மனைவிக்குத் தொலைபேசியில் பேசுவதுதான் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை, முகம் தெரியாதவர்களின் புகார்களுக்கு இனிமையாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும்போது அவள் தொண்டையில் குரல் என்று எதுவும் மிச்சம் இருக்காது. பையை வைத்ததும் நேராகக் கழிப்பறைக்குள் போவாள், வாஷ்பேசின் குழாயைத் திறந்து விடுவாள், கம்மோட் மூடியின் மேல் சும்மா உட்கார்ந்துகொள்வாள். “உள்ள என்ன, நீச்சல் பழகுறியா?” என்று அவன் கேலி செய்வான். “வாய்க்கு லீவு குடுத்திருக்கேன்” என்பாள். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு அந்த லீவுக்கும் ஆபத்து வந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்து, அம்மா அம்மா என்று வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அதனால் அம்மாவும் பெண்ணும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தண்ணிச் சத்தம் கேட்டால் அம்மா உள்ளே இருக்கிறேன் என்று அர்த்தம். தட்டக் கூடாது. சத்தம் நின்றால் வந்துவிடுவேன். இதைச் சொல்லும்போது சுண்டுவிரலோடு சுண்டுவிரலைக் கோத்துக்கொள்வார்கள். அம்மா ஒருமுறைகூட வாக்கு மாறியதில்லை. சத்தம் நிற்கும், கதவு திறக்கும், குழந்தை காலைக் கட்டிக்கொள்ளும். தினமும் நடந்தது அவன் கண் முன்னால்தான். அது எப்படித் தனக்கு நினைவு வராமல் போயிற்று?

“பட்டாணி” என்றான்.

அவள் காத்திருந்தாள். முயலின் பிய்ந்த காதைச் சரிசெய்தாள். அவனைப் பார்த்து, ‘ஏன் இன்னும் வரல?’ என்று கேட்கப்போகிறவளைப்போல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னால், அந்தப் பல்லிடுக்குச் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடி நின்றது. மீண்டும் ஓடியது.

பட்டாணியின் தோள் இறங்கியது. முகத்தில் ஒரு நிம்மதி. “இன்னும் முடிக்கல போல” என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் படம் வரைய உட்கார்ந்தாள்.

அவன் நடைவழியில் கதவுக்கு எதிரே தரையில் அப்படியே உட்கார்ந்தான். நனைந்த சட்டை முதுகில் ஒட்டிக் குளிர்ந்தது. எத்தனையோ மாலைகள் ஆபீசிலிருந்து வந்து விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். டிவி கிடையாது, பாட்டு கிடையாது, யாராவது போன் செய்தாலும் எடுப்பதில்லை. இவ்வளவு அமைதியில் ஒருவன் எப்படி இருக்க முடிகிறது என்று அக்காகூட ஒருமுறை கேட்டாள். வீடு அமைதியாக இருக்கவில்லை. இந்தச் சத்தம் இருந்தது. காதுக்குக் கேட்கவில்லை என்பதெல்லாம் பொய், காதுக்குக் கேட்டபடிதான் இருந்திருக்கிறது. உள்ளே போய் வந்தபோதெல்லாம் கதவை ஒழுங்காகச் சாத்தியிருக்கிறான். காவலாளி சொல்லியும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அவனும்தான் தட்டவில்லை.

ஓட விட்டுவிடலாம். ஒன்றும் முழுகிப் போகாது. ஓடும்வரை அவள் உள்ளே இருப்பாள். பட்டாணி வெளியே நிற்பாள், சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள், அக்கா வந்து பையை எடுத்துக்கொள்ளும்போது வர்றேன் என்று கையை நீட்டுவாள். அவனும் சரிக்கா என்பான். அங்கே அவளுக்குத் தாகம் எடுத்தால் குடிக்கலாம். அதுதான் குழந்தைக்கு நல்லது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தான். கூடத்திலிருந்து பட்டாணி வறட்டு இருமல் ஒன்று இருமினாள். தூரிகை நனைக்க வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரையே அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது இங்கிருந்து தெரிந்தது.

அவன் எழுந்தான்.

“பட்டாணி, எனக்கு ஒரு உதவி வேணும். உன் நீலக் கலர் குடுப்பியா?”

“எதுக்கு?”

“தண்ணி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். வெறும் தண்ணி கண்ணுக்குத் தெரியாது. கலர் போட்டா தெரியும்.”

பெட்டியை எடுத்துக்கொண்டு நடைவழி வரை வந்தாள். அதற்கு மேல் கால் எடுத்து வைக்கவில்லை. “உள்ள வரமாட்டேன். அம்மா திட்டுவா.”

“நீ வாசல்லயே நில்லு. கதவ நான் தொறக்கிறேன்.”

அவன் கதவை முழுக்கத் திறந்து, சுவரோடு சுவராக மடக்கி, வாளியை முட்டுக்கொடுத்து நிறுத்தினான். சின்ன அறை. ஒரே பார்வையில் எல்லாம் அடங்கிவிடும். வாஷ்பேசின், அதன் அடியில் அவள் ஏறி நின்று பல் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்டூல், கம்மோட், மூடி திறந்து கிடக்கும் டேங்க், ஈரத் தரை. பட்டாணி முதலில் கம்மோட் பக்கம் பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு, ஒருத்தர் ஒளிய முடியாத இடமான வாஷ்பேசினுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

“யாரும் இல்ல” என்றாள்.

“யாரும் இல்ல.”

“அப்புறம் எப்படித் தண்ணி ஓடுது?”

“அதுவா ஓடுது.”

“அதுவா எப்படி ஓடும்?”

“அதத்தான் கண்டுபுடிக்கணும். எனக்கும் தெரியல.”

தெரியல என்று அவன் சொன்னது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். அவன் ஸ்டூலை டேங்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். அவள் மேலே ஏறி எட்டிப் பார்த்தாள். கடைக்காரர் காட்டிய மிதவையை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவன் நீலத்தை ஒரு கிண்ணத்தில் கரைத்துக் கொடுக்க, அவளே டேங்குக்குள் ஊற்றினாள். தண்ணீர் ஒரு நொடியில் மை நிறமாயிற்று. அவள் விரல்களும்தான்.

“இப்ப அமுக்கக் கூடாது. சும்மா வேடிக்கை பாக்கணும். மேல இருக்கிற நீலம் கீழ வந்துச்சுன்னா, எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்.”

இருவரும் குந்தி உட்கார்ந்து, கம்மோட்டின் வெள்ளைப் பீங்கான் உள்பக்கத்தைப் பார்த்தார்கள். அவளுடைய தலை அவன் தோளில் முட்டியது. அக்கா வீட்டு எண்ணெயின் வாசனை அடித்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, பின்சுவரில், விளிம்புக்கு அடியிலிருந்து, நூல்போல ஒரு நீலக்கோடு மெதுவாக இறங்கி வந்தது. ஒன்று இரண்டாயிற்று. கீழே தேங்கியிருந்த தண்ணீரில் கலந்து புகைபோல விரிந்தது.

“நான் அமுக்கல” என்றாள் பட்டாணி சட்டென்று.

“நீ அமுக்கல.”

“நீயும் அமுக்கல.”

“நானும் அமுக்கல. யாரும் அமுக்கல, பட்டாணி. டேங்க்குக்கு அடியில ஒரு ரப்பர் இருக்கு, அது சரியா மூடல. அந்த வழியாக் கொஞ்சம் கொஞ்சமா ஒழுகுது. கொறஞ்சதும் மிதவை எறங்கும், மறுபடி தண்ணி வரும். அந்தச் சத்தம்தான் கேக்குது. இவ்ளோ நாளும் அதான் கேட்டிருக்கு.”

அவள் நீலக்கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது, இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் யாராவது ஒரு அக்காதான் சொல்லவேண்டியிருக்கும். இதுவரை மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அவன் தலையாட்டியிருக்கிறான். தன் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை.

“அம்மா உள்ள இல்ல. அம்மா செத்துப்போயிட்டா. சத்தம் நின்னாலும் வரமாட்டா.”

“தெரியும்” என்றாள். “பெரியம்மா சொல்லிட்டாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, மிகவும் சின்னக் குரலில், “ஆனா தண்ணி ஓடுச்சே” என்றாள்.

“ஆமா. எனக்கும் கேட்டுச்சு.”

அவள் அழுதாள். சத்தமில்லாமல், வாயைக் கோணிக்கொண்டு, நீல விரல்களால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். அவன் ஈரச் சட்டையோடு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். சட்டையெல்லாம் நீலமாயிற்று. தனக்கும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. ஆனால் தொண்டையில் ஏதோ நகர்ந்தது, துரு ஏறிய வால்வு முதல் தடவை அசைந்து கொடுத்ததுபோல. டேங்க் நிறைந்து நின்றது, திரும்ப ஓடியது. அழுகை ஓய்ந்ததும் அவள் மூக்கை அவன் தோளில் துடைத்துவிட்டு, “சரி, அந்த ரப்பரக் காட்டு” என்றாள்.

வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, நடுத்தண்டைத் திருகி எடுத்தான். அடியில் வட்டமான கறுப்பு வாஷர். முறுக்குப்போல விறைத்து, ஓரத்தில் பல் பட்டதுபோல ஒரு வடு. அவள் விரலைப் பிடித்து அந்த வடுவில் வைத்துத் தடவிக் காட்டினான். “இவ்ளோதானா?” என்றாள். “இவ்ளோதான்.” வாஷரையும் அவளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். கடைக்காரர் இருவரின் நீலக் கோலத்தையும் மேலும் கீழும் பார்த்தார். வாஷரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“நான் அப்பவே நெனச்சேன், வாஷராத்தான் இருக்கும்னு.”

“மிதவைன்னு சொன்னீங்க” என்றாள் பட்டாணி.

“மிதவையும்தான் பாப்பா. வாஷரும்தான்.” அவர் அவனிடம் திரும்பினார். “சார், இவங்கள நாளைலருந்து கடைக்கு அனுப்புங்க. நான் பொய் சொல்றத நிறுத்திக்கிறேன்.”

திரும்பி வந்து புது வாஷரை மாட்டியபோது, ஸ்பேனரை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். வேண்டாத நேரத்திலும் எடுத்துக் கொடுத்தாள். தண்ணீரைத் திறந்தான். டேங்க் நிறைந்தது. மிதவை ஏறி நின்றது. அவள் ஸ்டூலில் ஏறி, டேங்கின் பக்கவாட்டில் காதை வைத்தாள். அவனும் மறுபக்கம் காதை வைத்தான். குளிர்ந்த பீங்கான். உள்ளே ஒன்றுமில்லை. கூடத்துக் கடிகாரம் கேட்டது. தெருவில் ஒரு வண்டி கடந்து போனது. காத்திருந்தார்கள். மறுபடி ஓடும் என்று அவள் எதிர்பார்க்கிறாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. அவனும் எதிர்பார்த்தான், ஓடவேண்டாம் என்றும், ஒரே ஒரு தடவை ஓடினால் என்ன என்றும். ஓடவில்லை. வெளிச்சம் ஜன்னலின் ஓரத்துக்கு நகரும்வரை ஓடவில்லை.

“நின்னுடுச்சு” என்றாள்.

“ம்.”

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். சமையலறைக்குப் போனாள். சொம்பில் இருந்த தண்ணீரை அண்ணாந்து, மூச்சு விடாமல், கழுத்து வழியே வழியவிட்டுக் குடித்தாள். இன்னும் கேட்டாள். ஊற்றிக் கொடுத்தான். சற்று நேரம் படம் வரைந்தாள். பிறகு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“நான் போகணும். நீ வெளிய இரு.”

“சரி. கதவுக்குத் தாழ்ப்பாள் போடாத.”

“தெரியும்” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு ஃப்ளஷ் இரைந்து அடங்கியது. டேங்க் நிறைந்து நின்றது. அடுத்து ஸ்டூல் தரையில் தேய்ந்து நகரும் ஓசை. வாஷ்பேசின் குழாய் திறந்துகொண்டது. கை கழுவுகிறாள் என்று நினைத்தான். குழாய் மூடவில்லை. கம்மோட் மூடி ‘டப்’ என்று விழுந்தது. யாரோ அதன் மேல் ஏறி உட்காரும் சின்னச் சத்தம். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தான். அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். கூடத்துத் தரையில் ஸ்பேனரையும் பழைய மிதவையையும் பார்த்தாள், அவன் சட்டையைப் பார்த்தாள், சுவரில் குழந்தை உயரத்தில் நீலக் கைத்தடத்தைப் பார்த்தாள்.

“என்ன தம்பி இது? வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதா கேள்விப்பட்டிருக்கேன், நீலம் அடிச்சு இப்பத்தான் பாக்கிறேன். எங்க அவ?”

அவன் நடைவழியைக் காட்டினான். அக்கா கதவு வரை போனாள். காதைக் கொடுத்தாள்.

“குழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள என்ன பண்றா? எவ்ளோ நேரமா இருக்கா? விழுந்து கிழுந்து வெச்சுடப் போறா.” தட்டுவதற்குக் கையை ஓங்கினாள்.

“தட்டாதீங்கக்கா.”

அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. அக்கா ஓங்கிய கையோடு திரும்பினாள். இத்தனை மாதத்தில் அவன் அவளிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஏன்?”

“சத்தம் நின்னா வந்துடுவா.”

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். கையைக் கீழே போட்டாள். தங்கையின் இந்தப் பழக்கம் அவளுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ, தோளிலிருந்து பையை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவின் கைப்பிடிக்குக் கீழே நீலத்தில் நான்கு சின்ன விரல்கள் பதிந்திருந்தன, இன்னும் காயாமல். உள்ளே தண்ணீர் ஓடியது, ஓடியது. பிறகு யாரோ குழாயைத் திருகும் கிறீச்சொலி கேட்டது. தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. ஸ்டூல் தேய்ந்தது. அவன் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் முடியை ஒதுக்கினான், சட்டையைக் கீழே இழுத்து நேராக விட்டான். கைப்பிடி மெதுவாக இறங்க ஆரம்பித்தது.